கண்ணாடிப் பெட்டிக்குள் ராயபுரம்

"இன்னா யசோம்மா, இந்த ஊர்ல ஒரு நாத்தமும் இல்லியே. இன்னா பொழப்புதான் நடக்குது இங்க?"

ஜெனீவாவில் கால் வைத்ததும் ஏழுமலை அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும், எந்த ஸ்டாப்பிங் வந்திருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். உரத்துக்கு ஒரு வாசனை, எண்ணெய்க்கு ஒரு வாசனை, கருவாட்டுக்கு ஒரு வாசனை. இங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தும் ஒன்றும் வரவில்லை. ஊரே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"பேங்க்குண்ணா. இந்த ஊரு பொழப்பு பேங்க்கும் மீட்டிங்கும்" என்றேன்.

"அதான. ரெண்டுத்துக்கும் வாசன கெடையாது" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஏழுமலை அண்ணன் துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர். ராயபுரத்துத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர். நான் யசோதரா, புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு பெண். பகலில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு. நடுவில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. டிவி செய்திகளில் வெளிநாட்டு மாநாட்டு மண்டபங்களைக் காட்டும்போது ஓரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சிலர் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்ற பைத்தியம்.

அதற்காக நான் செய்த பயிற்சியை எங்கள் பிளாக்கில் யாரும் மறக்க மாட்டார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்க வாசிக்க, நான் பக்கத்திலேயே நின்று அதை இங்கிலீஷில் சத்தமாகச் சொல்வேன். "பொண்ணு தனியா பேசிகினு கீது, ஒரு தபா டாக்டராண்ட காட்டு" என்று கீழ் வீட்டு அக்கா என் அம்மாவிடம் வந்து சொல்லியும் பார்த்தார். அந்தக் கண்ணாடி அறைக்குப் பூத் என்று பெயர்; எங்கள் தெருவில் பூத் என்றால் எஸ்.டி.டி. டெலிபோன் பூத். நான் உட்கார விரும்பும் பூத் வேறு என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. துறைமுக வேலையில் உயிர்ப் பாதுகாப்பு குறித்து ஒரு சர்வதேச அமைப்பு கூட்டம் நடத்துகிறது. தொழிலாளர் பக்கத்திலிருந்து, சரக்கில் கை வைத்து வேலை செய்யும் ஒருவர் வந்து பேச வேண்டும். ஏழுமலை அண்ணன் பெயரை அனுப்பினார்கள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும். மொழிபெயர்க்க யாரும் இருக்கிறார்களா என்று கேட்டபோது, "தனியா பேசிகினு ஒரு பொண்ணு கீது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஆனால் இந்தப் பயணம் என் பைத்தியத்துக்காக நடந்தது அல்ல. அண்ணனின் தம்பி குமரேசன் கப்பலின் அடியில் இருக்கும் சரக்குக் கிடங்கில் மூச்சு முட்டிச் செத்தவர். எங்கள் ஆட்கள் அந்தக் கிடங்கை ஹேட்ச் என்பார்கள். மேஸ்திரி அன்றைய கூலிக்குக் கூட்டிப்போன ஆள் என்பதால், எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை. ‘வெளியாள் ஒருவர்’ என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்திருந்தான். குமரேசனின் மனைவி செல்வி அக்கா எர்ணாவூரிலிருந்து வந்து, ஒரு டப்பா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை என் கையில் வைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க எங்கூட்டுக்காரர் பேர சொல்லிட்டு வா. வேற ஒண்ணும் வேணாம்."

முதல் நாள் டிராம் வண்டியிலேயே மானம் போனது. ஸ்டாப்பில் நின்றோம். வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் என்று மரியாதையாகக் காத்திருந்தோம். திறக்காமலே போய்விட்டது. அடுத்ததும் வந்தது, நின்றது, போனது. எங்கள் ஊர் எம்.சி. ரோட்டில் வாங்கிய ஸ்வெட்டருக்குள் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். "நம்மள பாத்தா ஏத்த மாட்டானுங்களா?" என்று அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வண்டியில் நாய்க்குட்டியோடு இருந்த ஒரு பாட்டியம்மா உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்து, கதவில் இருந்த பொத்தானை அமுக்கினார். அவ்வளவுதான் விஷயம். வேண்டுமென்றால் நாம்தான் அமுக்கித் திறந்துகொள்ள வேண்டுமாம்.

"கதவு இருந்தாத்தான இந்த பேஜாரு" என்றார் அண்ணன் உள்ளே ஏறியதும். "நம்ம பஸ்ஸுல கதவே கெடையாது. ஓடி வந்து தொத்திகினு போய்கினே இருக்கலாம்." அண்ணன் என்ன சொல்கிறார் என்று பாட்டியம்மா பிரெஞ்சில் கேட்டார். "உங்கள் ஊர் டிராம் ரொம்ப அழகு என்கிறார்" என்றேன். மொழிபெயர்ப்பில் என் முதல் பொய்யும் கடைசிப் பொய்யும் அதுதான்.

அந்த அமைப்பின் கட்டடம் ஏரிக்கரைக்கு மேலே, எங்கள் ஹார்பர் கிடங்குகளைப் போலவே நீளமாக இருந்தது. உள்ளே போனால் தரையெல்லாம் கம்பளம், நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட அமைப்புகள் எப்படி நடக்கின்றன என்று நான் எத்தனையோ புத்தகம் படித்துப் போயிருந்தேன். புத்தகத்தில் இல்லாததைக் காபி கடையில் வரிசையில் நின்றபோது தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

"உங்கள் பத்தியில் எத்தனை அடைப்பு?"

"இன்னும் எல்லாமே அடைப்புக்குள்தான். என் மந்திரி என்னைக் கொல்லப் போகிறார்."

பிறகுதான் விளங்கியது. கூட்டத்தின் முடிவில் ஓர் ஆவணம் வர வேண்டும். அதன் வரைவில் எந்த வார்த்தைகளுக்கு எல்லாரும் சம்மதிக்கவில்லையோ அவற்றைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். கடைசி நாளுக்குள் ஒன்று அடைப்புக்குறி போக வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் வார்த்தைகளே போய்விடும். உலகம் முழுவதிலிருந்தும் விமானம் ஏறி வந்தவர்கள் இதற்காகத்தான் சண்டை போடுகிறார்கள். எங்கள் வரைவைப் புரட்டினேன். பாதுகாப்பு யாருக்கெல்லாம் உண்டு என்ற பத்தியில், ‘எந்த வகையில் வேலைக்கு வந்தவராயினும், சரக்குக் கிடங்கில் இறங்கும் எவருக்கும்’ என்ற வரி இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குச் சொன்னேன். தாளை வாங்கி, தெரியாத எழுத்தை உற்றுப் பார்த்தார். "இந்த ரெண்டு கம்பிக்கு நடுவுல கீறது யாரு, என் தம்பி குமாரா?"

"ஆமாண்ணா."

"அப்போ கம்பிய தூக்கணும், ஆள தூக்கக் கூடாது" என்றார். அந்த அமைப்பை நான் புரிந்துகொண்டது அந்த ஒரு வரியில்தான்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தலைவியான எலேன் என்ற நரைத்த தலை அம்மையார் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தமிழ் இங்கே அலுவல் மொழி இல்லை. ஆனால் ஒருவர் தன் மொழியில் பேசலாம், அதை ஏதாவது ஒரு அலுவல் மொழிக்குக் கொண்டுவர ஆளையும் அவரே கூட்டி வந்தால். நான் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குச் சொல்வேன். மற்ற கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவர்கள் என் இங்கிலீஷைக் காதில் வாங்கி, பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் ரஷ்யனுக்கும் அரபுக்கும் மாற்றுவார்கள். நான் தடுக்கி விழுந்தால் எல்லாரும் விழுவார்கள்.

"எழுதிய உரையை முன்னால் கொடுத்துவிடுங்கள்" என்றார் எலேன்.

அண்ணனிடம் கேட்டேன். "எழுதி வச்சிகினு பேசறதுக்கு நான் இன்னா நியூஸா வாசிக்கறேன்?" என்றார். உரை இல்லை என்று எலேனிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் அந்த அம்மையார் தங்கமானவர். மறுநாள் காலை ஆளில்லாத ஒரு பூத்தில் மைக்கை அணைத்து என்னை உட்கார வைத்துப் பழகவிட்டார். விதிகளையும் சொன்னார். பேசுபவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒருபோதும் சொல்லாதே, உள்ளே நீ என்று ஒருத்தியே கிடையாது. உன் வாயால் ஏதாவது சொல்லியே ஆக வேண்டிய ஆபத்து வந்தால், ‘மொழிபெயர்ப்பாளர் தெரிவிக்கிறார்’ என்று யாரோ மூன்றாம் ஆள் போலச் சொல். இருமல் வந்தால் இந்தப் பொத்தான். பிறகு என் கைகளைப் பார்த்தார். "அந்த வளையல்கள் மைக்கில் கேட்கும். கழற்றிவிடு." வண்ணாரப்பேட்டையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள். கழற்றி அண்ணனின் சட்டைப் பையில் போட்டேன்.

அண்ணன் கேட்டார்: "பேசும்போது நீ எந்தப் பக்கம் நிப்ப?"

"பக்கத்துல இல்லண்ணா. பின்னால, அந்தக் கண்ணாடிக்குள்ள. நீ பேசிகினே இரு, நான் கூடவே சொல்லிகினே வருவேன். நிறுத்தக் கூடாது."

தலையாட்டினார். ராயபுரம் தெருமுனைக் கூட்டங்களில் டில்லித் தலைவர்கள் இந்தியில் ஒரு வரி சொல்லி நிறுத்துவார்கள். பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்வார். கைத்தட்டல் அடங்கியதும் அடுத்த வரி. அண்ணன் வாழ்நாளெல்லாம் பார்த்த மொழிபெயர்ப்பு அதுதான். அவர் தலையாட்டியதை நான் நம்பியிருக்கக் கூடாது.

மதியம் தாழ்வாரத்தில் ஒரு கோட்டு மனிதர் எங்களை நிறுத்தினார். முதலாளிகள் பக்கத்து ஆலோசகர். சென்னைக்காரர்தான், தெற்குப் பக்கம். நல்ல மனிதர், நன்மைக்குத்தான் சொன்னார்: "அவரைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசச் சொல்லுங்களேன். இந்த மெட்ராஸ் பாஷையெல்லாம் இங்க எடுபடாது."

"இங்க யாருக்கும் நல்ல தமிழும் தெரியாது, கெட்ட தமிழும் தெரியாது சார்" என்றேன். "அவர் எந்தத் தமிழ்ல பேசினாலும் வெளியில வர்றது என் இங்கிலீஷ்தான். அது நல்லாவே இருக்கும்." எனக்கே என் வாய் ஆச்சரியமாக இருந்தது. கோட்டு மனிதர் சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை எல்லா நாட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கும் ஒரு விருந்து. மேஜை நடுவில் அடுப்பில் ஒரு சட்டி, அதில் உருகிய பாலாடைக் கட்டி. நீளமான கம்பியில் ரொட்டித் துண்டைக் குத்தி எல்லாரும் அதே சட்டியில் முக்கித் தின்ன வேண்டும். மூடியைத் திறந்ததும் எழுந்த வாடையில் அண்ணன் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! இந்த ஊர்லயும் ஒரு நாத்தம் கீது. இப்பதான் நம்பிக்க வந்துது" என்று ரொட்டியை முக்கினார். பிறகு பையிலிருந்து செல்வி அக்காவின் கருவாட்டுத் தொக்கை எடுத்து அதன் மேல் தடவினார். எதிரில் உட்கார்ந்திருந்த செனகல் நாட்டு மமதூ தானும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வரத் தின்றுவிட்டு, தங்கள் ஊரிலும் இப்படிக் காயவைத்த மீன் உண்டு என்றார். டப்பா அன்றே காலி.

மமதூவும் சரக்குத் தொழிலாளிதான். அவர் பிரெஞ்சில் சொல்வதை நான் தமிழிலும், அண்ணன் சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிக்கொண்டிருந்தேன். பேச்சு கிரேன் பக்கம் திரும்பியது. அண்ணன் ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டம் சுற்றிக் காட்டினார். மமதூ குதித்து எழுந்து தானும் அதையே செய்தார். ‘தூக்கு, தூக்கிக்கொண்டே இரு’ என்று கிரேன்காரருக்குக் காட்டும் சைகை. விரலைக் கீழே நீட்டிச் சுற்றினால் ‘இறக்கு’. சுற்றும் விரலுக்கு மேலே இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் ‘மெதுவாக’. ராயபுரத்திலும் செனகலிலும் ஒரே சைகை. அதற்குப் பிறகு இருவரும் சட்டியையே சரக்காக வைத்து, ஏற்றி இறக்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலை போன நிமிடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்ததில்லை.

பேச்சு நாள் வந்தது. பூத்தில் என் பக்கத்தில் எலேன். கண்ணாடிக்கு அப்பால் அரைவட்டமாக மண்டபம்: ஒரு பக்கம் அரசாங்கங்கள், ஒரு பக்கம் முதலாளிகள், ஒரு பக்கம் தொழிலாளர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். தலைவர் ஏழுமலை அண்ணனின் பெயரைச் சொன்னார். மைக்கைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணன் எழுந்தார். யாரும் எழுந்து பேசுவதில்லை அங்கே. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேடைல குந்திகினு கீற தலைவர் அவர்களே! அவுரு பக்கத்துல கீற செகரட்டரி அவர்களே! எதிர்ல கீற மொதலாளிமார் அவர்களே! சர்க்காரு பெரியவங்களே! எங்கூட சோறு துன்ன மமதூ அவர்களே! கண்ணாடிப் பொட்டிக்குள்ள குந்திகினு தொண்டத் தண்ணி வத்தப் பேசற தோஸ்துங்களே! வெளிய சோக்கா காப்பி போட்டுக் குடுக்கற அம்மா அவர்களே! அல்லாருக்கும் ராயபுரத்து சார்பா வணக்கம்!"

வடசென்னையில் மேடை ஏறியவர் ஒருவரையும் விடாமல் ‘அவர்களே’ போடவில்லை என்றால் அது பெரிய அவமரியாதை. நான் ஒன்றையும் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிகளைச் சொன்னதும் பிரெஞ்சு பூத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், ஸ்பானிஷ்காரர் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த மண்டபத்தில் அவர்களுக்கு யாரும் வணக்கம் சொன்னதே இல்லை என்று எலேன் பிறகு சொன்னார்.

வணக்கம் முடிந்தது. அண்ணன் நிறுத்தினார். இடது பக்கம் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தார். மொழிபெயர்ப்பு முடியட்டும், கைத்தட்டல் அடங்கட்டும் என்று.

மண்டபம் அமைதியாக இருந்தது. பேசுண்ணா, பேசு என்று உள்ளுக்குள் கத்தினேன். கண்ணாடிக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

தலைவர் புன்னகைத்தார். "இவ்வளவு அன்பான வாழ்த்துக்கு நன்றி" என்றார். அடுத்த பேச்சாளரின் பெயரையும் படித்துவிட்டார். குமரேசனின் பெயர் இன்னும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

எலேன் சொன்ன விதி நினைவுக்கு வந்தது. மைக்கை நோக்கிக் குனிந்தேன்.

"மொழிபெயர்ப்பாளர் தெரிவிக்கிறார்: பேசுபவர் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்லை. தம் ஊர் வழக்கப்படி இதுவரை வணக்கம்தான் சொன்னார். இப்போது அவர் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்."

முதலில் இங்கிலீஷில் கேட்டவர்கள் சிரித்தார்கள். அடுத்த மூச்சில் பிரெஞ்சுப் பக்கம் சிரித்தது, அதற்குப் பின்னால் ஸ்பானிஷ், ரஷ்யன், அரபு. தலைவரும் சிரித்தபடி அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினார், பேசுங்கள் என்று. ஆனால் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாதே! உலகமே தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் முகம் கறுத்தது. நாற்காலியை இழுத்து உட்காரப் போனார்.

நான் எழுந்து நின்றேன். கண்ணாடிக்கு நெருக்கமாகப் போய், ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டம் சுற்றினேன். தூக்கு. தூக்கிக்கொண்டே இரு.

தொழிலாளர் வரிசையின் மறுகோடியிலிருந்து மமதூவும் எழுந்து அதேபோல் விரலைச் சுற்றி, மறு கையால் என் பூத்தைக் காட்டினார். அண்ணன் அவரைப் பார்த்தார். அவர் கை காட்டிய பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை.

"என் தம்பி பேரு குமரேசன். நாங்க குமாருன்னு கூப்புடுவோம். மரக்கட்ட ஏத்திகினு வந்த கப்பலு. ஹேட்ச்சு ரொம்ப நாளா மூடியே கெடந்துது, உள்ள கீற காத்து செத்துப் பூட்ச்சு. மொத ஆளு எறங்கனான், வுழுந்தான். அவன தூக்க இன்னொருத்தன் எறங்கனான், அவனும் வுழுந்தான். அப்பால எறங்கனது என் தம்பி. யாரும் அவன எறங்கச் சொல்லல. கீழ கெடந்தவன் அவன் தோஸ்து."

‘என் தம்பி’ என்று அவர் நெஞ்சில் அறைந்துகொண்டபோது அன்றும் அவர் சட்டைப் பையிலேயே இருந்த என் வளையல்கள் மைக்கில் கலகலவென்றன. எலேன் திடுக்கிட்டு என் கைகளைப் பார்த்தார். என் கைகள் வெறுமையாகத்தான் இருந்தன.

உணர்ச்சியில் அவர் வேகம் பிடித்தபோது, சுற்றும் விரலுக்கு மேல் இன்னொரு கையைப் பிடித்தேன். மெதுவாக. உடனே மெதுவானார். இங்கிலீஷைப் பேசிக்கொண்டே, கையால் அவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ‘காத்து செத்துப் பூட்ச்சு’ என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. காற்று செத்துவிட்டது என்று அப்படியே சொன்னேன். எலேன் ஏதோ குறித்துக்கொண்டிருந்தவர், பென்சிலை நிறுத்திவிட்டார்.

‘நான்’ என்றால் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் நான் சொன்னேன், என் தம்பி பெயர் குமரேசன் என்று. கண்ணாடிகள் வழியாக மற்ற பூத்துகள் தெரிந்தன. பிரெஞ்சுப் பெண்ணின் உதடுகள், ஸ்பானிஷ்காரரின் உதடுகள், அந்த ரஷ்யர், அந்த அரபுக்காரர். எல்லாருடைய வாயிலும் அந்தப் பெயர் வந்து போனதைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் குமரேசன் கூடப்பிறந்த தம்பி.

"பேப்பர்ல வெளியாளுன்னு எழுதனான் மேஸ்திரி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உள்ள கீற அந்தக் காத்து, நீ பர்மனென்ட்டா, டெய்லி கூலியான்னு கேட்டுகினா ஆள அடிக்குது? காத்தே கேக்காதப்ப, காயிதத்துல நீங்க ஏன் கேக்கறீங்க?"

உட்கார்ந்தார். கைத்தட்டல் அந்த இடத்தில் வழக்கமில்லை. மமதூ தட்டினார். யார் முதலில் சேர்ந்துகொண்டார்கள் என்று தெரியாது, பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

வெளியே வந்தபோது அந்தக் கோட்டு மனிதர் காத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "பாதிப் பேச்சு எனக்குப் பிடிபடல. ஹெட்போனை மாட்டிக்கிட்டு உங்க இங்கிலீஷ்லதான் முழுசாக் கேட்டேன்." இதை நான் புளியந்தோப்பில் சொல்லாத வீடு கிடையாது.

கடைசி நாள். தலைவர் அந்தப் பத்தியைப் படித்தார். அடைப்புக்குறிகளை எடுத்துவிடலாமா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். முதலாளிகள் பக்கம் தலைகள் ஒன்றோடொன்று குனிந்து பேசின. கோட்டு மனிதர் நடுவில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. மரச் சுத்தியால் மேஜையில் ஒரு தட்டு. அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றார் அண்ணன்.

"கம்பிய தூக்கிட்டாங்கண்ணா. உள்ள கீற ஆளு அப்டியே கீறாரு."

"அவ்ளோதானா? ஒரு பட்டாசு கெடையாது, ஒரு மால கெடையாது?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து வளையல்களை எடுத்துக் கொடுத்தார். "பேஜாரா பூட்ச்சும்மா. நெஞ்சுல அறைஞ்சதுல ஒண்ணு ஒடைஞ்சிட்ச்சு."

எலேன் விடைகொடுக்கும்போது புகழ்ந்து தள்ளவில்லை. "உன் பிரெஞ்சு போதாது, இன்னும் நிறைய உழைக்க வேண்டும்" என்றார். மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் நுழைவுத் தேர்வுக்கு வரச் சொன்னார். "நீ வரும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன்." பிறகு அவரே என் கையைப் பிடித்து, மிச்சமிருந்த வளையல்களை மாட்டிவிட்டார். ஜெனீவாவிலிருந்து நான் கொண்டுவந்த சாமான் இவ்வளவுதான்.

ஊர் திரும்பிய மறுநாள் எர்ணாவூருக்குப் போனோம். பஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. அண்ணன் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார்.

செல்வி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். காலி டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னோம்கா. அண்ணன் சொன்னாரு. நானும் சொன்னேன்."

"அங்க சொன்ன மாரியே சொல்லு."

இங்கிலீஷில் சொன்னேன். என் தம்பி பெயர் குமரேசன். அவருக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் பெயர் வந்த இடத்தில் தலையசைத்தார். மற்றவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டார். பிரெஞ்சில் சொன்னேன், அதில் பெயரின் வால் கொஞ்சம் மூக்கில் போகும். ஸ்பானிஷ்காரர் பிறகு எனக்குக் கற்றுக்கொடுத்தபடி அதையும் சொன்னேன்.

"ஹார்பர் தாண்டி எங்கயும் போனதில்ல அந்தாளு" என்றார் செல்வி அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தவர், தெருவைப் பார்த்துக் கத்தினார்:

"ஏய், அல்லாரும் இங்க வாங்க! எங்கூட்டுக்காரர் பேர எல்லா பாஷைலயும் சொல்லுது இந்தப் பொண்ணு, வந்து கேளுங்க!"

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தார்கள், ஷிப்டு முடித்து வந்தவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு சுற்று சுற்றினார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி.